பழைய ரெக்கோர்ட் பெட்டியை எறியுமுன்

ஆசிரியர் அவர்களுக்கு,

மோட்டாரே தட்டை நேராகச் சுழற்றும் புது 'டைரக்ட் டிரைவ்' ரெக்கோர்ட் பெட்டி வந்ததும், பழைய கராட் 301 பெட்டியை இரும்புக்காரரிடம் போட்டுவிடாதீர்கள். உறுமல் கேட்டால் முதலில் பார்க்கவேண்டியது, ரெக்கோர்ட் வைக்கும் தட்டின் உள்விளிம்பை உரசிச் சுழற்றும் ரப்பர் சில்லை. மின்வெட்டில் நின்றதை அப்படியே விட்டால், அழுத்தத்தில் சில்லு ஒருபக்கம் தட்டையாகி, சுற்றுக்குச் சுற்று 'தொம் தொம்' என்னும். கரன்ட் போனதும் பெட்டியின் சுவிட்சையும் அணையுங்கள். மோட்டார் பேரிங்கில் பிசினாகிய எண்ணெயைத் துடைத்து, மெல்லிய மெஷின் எண்ணெய் இரண்டு துளி விட்டாலே நுவரெலியாக் குளிரிலும் ஓடும்.

அமெரிக்காவிலிருந்து வந்த பெட்டியா? அங்கே மின்சாரம் 60 ஹேர்ட்ஸ்; நமது 50 ஹேர்ட்ஸில் நிமிடத்துக்கு 33⅓ சுற்று என்பது ஏறத்தாழ 28 ஆகிப் பாட்டு இழுபடும். மோட்டார் அச்சிலுள்ள கப்பியை (pulley) மாற்றவேண்டும். குவார்ட்ஸ் பளிங்கு வேகத்தைக் கட்டுப்படுத்தும் டைரக்ட் டிரைவில் இத்தொல்லையில்லை, வேகம் அசையாது. ஆனால் அவ்வகையில் 1979இல் வந்த டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 எம்கே2இல், பழைய ரெக்கோர்ட்டுகளுக்கு வேண்டிய 78 சுற்று வேகமே கிடையாதே!

வாசகர்,
பண்டாரவளை