டாங்கிக் கசட்டைத் தேடாத பிள்ளை, அது என்னட்டக் கிடக்கு

அன்பு மகள்,

நீ போட்ட வொய்ஸ் மெசேஜை ரெண்டு தரம் கேட்டனான். கோலில சொல்லுவம் எண்டால் கொம்மா போனைப் பறிச்சிடுவா, அதான் எழுதியே விடுறன். சின்னவனுக்கு எண்டு சொல்லி அந்தப் பழைய சாம்பல் நிற நின்டெண்டோ வீடியோக் கேம் பெட்டியை வாங்கினனீ, அது அவனுக்கோ உனக்கோ எண்டு நான் கேக்கேல்லை. எந்தக் கேம் நல்லது எண்டுதானே கேட்டனீ, உங்க டொராண்டோக் கடையில கேம் கசட் எல்லாம் கொள்ளை விலையாம், அப்ப பாத்துத்தான் வாங்க வேணும்.

என்ர கணக்கு ஒண்டுதான். ரெண்டு பேர் பக்கத்தில பக்கத்தில குந்தியிருந்து விளையாடுறதெண்டால் வாங்கு, தனியக் குந்தி விளையாடுறதெல்லாம் பிறகு பாப்பம்.

எங்கட பெட்டி வந்தது 2003இல, உனக்கு ஞாபகம் இருக்கோ தெரியாது. சண்டையால பூட்டிக்கிடந்த யாழ்ப்பாணம்-கண்டி ஏ9 பாதை 2002 சித்திரையில திறந்தாப்பிறகுதானே எங்கட வன்னியில விசுவமடுப் பக்கம் இப்பிடிச் சாமானெல்லாம் வரத் தொடங்கினது, அதுக்கு முதல் பற்றறியே இல்லாமல் சைக்கிள் டைனமோவைச் சுத்தி ரேடியோ கேட்ட ஆக்கள் நாங்கள். நான் கடைக்கு ஈயம் வாங்க வவுனியா போன இடத்தில ஒரு கடைக்காரன் 9999999 இன் 1 எண்டு அடிச்ச மஞ்சள் கசட்டோட அந்தப் பெட்டியைத் தலையில கட்டிவிட்டவன். வீட்ட வந்து ஜெனரேற்றரை இழுத்துப் போட்டுப் பாத்தால் மொத்தமாப் பத்துப் பதினைஞ்சு கேம், அதையே பேரை மாத்தி மாத்தித் திருப்பித் திருப்பிப் போட்டிருக்கிறாங்கள், நீ அந்த லிஸ்டை ஒரு மணித்தியாலம் கீழ கீழ உருட்டிப்போட்டு "அப்பா இன்னும் முடியேல்லை" எண்டு சொன்னது கண்ணுக்குள்ள நிக்குது. பெட்டியும் அசல் இல்லை, ஜப்பானில 1983இல வந்த ஃபமிகொமை, உன்ர நின்டெண்டோவின்ர ஜப்பான் பெட்டியை, பாத்து ஆரோ அடிச்ச கொப்பி. ஆனா கேம் எல்லாம் அதே கேம்தான்.

முதலாவது டாங்கி கேம்தான், அதில மாற்றுக் கதை இல்லை. பற்றில் சிற்றி எண்டு பேர், நம்கோ கொம்பனி 1985இல விட்டது. அதைக் கடை கடையாத் தேடினியாம், கிடைக்கேல்லையாம். கிடைக்காது பிள்ளை, அந்தக் காலத்தில ஜப்பானில மட்டும்தான் விட்டவங்கள், அமெரிக்கா கனடாப் பக்கம் அது வரவே இல்லை. எங்களுக்குக் கொப்பிக் கசட்டால கிடைச்சது, அசல் வாங்கின உங்கட ஆக்களுக்குக் கிடைக்கேல்லை, பாத்தியே.

அதில என்ன விசேசம் எண்டால் 35 ஸ்டேஜ், ஒவ்வொண்டிலயும் 20 டாங்கி வரும், உனக்கு எத்தினை உயிர் மிச்சமிருந்தாலும் கீழ இருக்கிற அந்தக் கழுகில ஒரு வெடி பட்டால் எல்லாம் முடிஞ்சுது. அதால ஒராள் முன்னுக்குப் போனால் மற்றாள் கழுகடியில நிக்க வேணும். நீ ஒருநாளும் நிக்கேல்லை! டாங்கியைப் பலமாக்கிற ஸ்டாரைக் கண்டால் பாஞ்சு போயிடுவாய், போற வழியில எனக்கே அடிச்சு என்னை அசையேலாமல் நிப்பாட்டிப்போட்டு "தெரியாமப் பட்டிட்டுது அப்பா" எண்டுவாய். சவள், அந்த மண் அள்ளுற படம், அதை எடுத்தால் கழுகைச் சுத்தியிருக்கிற செங்கல் கொஞ்ச நேரத்துக்கு இரும்பா மாறும், அதை மட்டும் எனக்கு விட்டுத் தருவாய்.

பேந்து கொன்ஸ்ட்ரக்சன் எண்டு ஒரு பகுதி இருக்கு, நாங்களே வரைபடம் கீறலாம், செங்கல், இரும்பு, தண்ணி, மரம், ஐஸ் எல்லாம் வைக்கலாம். நீ முதல்முதல் கீறினது எங்கட வளவு. தண்ணியால குளம், குளத்துக்கு இஞ்சால மரம் வரிசையா, அது பாலை மரமாம், நடுவில நாலு செங்கல், அது வீடாம். ஐஸ் எங்கயடி எண்டு கேக்க, "ஐஸ் இஞ்ச இல்லைத்தானே அப்பா" எண்டனீ. அது பெட்டியை நிப்பாட்டினால் அழிஞ்சிடும், சேவ் பண்ண ஏலாது, அதால ஜெனரேற்றர் போடுற ஒவ்வொரு நாளும் முதல் பத்து நிமிசம் நீ வளவு கீற, நான் பெற்றோல் எரியுதெண்டு கத்த, இதே கதைதான். கொம்மாவுக்கு அந்தக் கேம் கண்ணிலயும் காட்டக்கூடாது, டாங்கிச் சத்தம் கேட்டது காணாதோ எண்டு குசினிக்குள்ள போயிடுவா. நீயோ ஆனையிறவால பஸ்ஸில போகேக்க றோட்டுக்கரையில துருப்பிடிச்சுக் கிடந்த கவச வாகனத்தைக் காட்டி "இது எத்தினை ஸ்டார் எடுத்தது" எண்டு கேக்க, பஸ்ஸில ஒருத்தரும் சிரிக்கேல்லை.

ரெண்டாவது கொன்ட்ரா, ரெண்டு பேர் சேந்து சுட்டுக்கொண்டு போற கேம். கொனாமி விட்டது, உங்க கிடைக்கும், வாங்கு. தொடங்க முதல் இந்த வரிசையில அமத்து: மேல மேல, கீழ கீழ, இடம் வலம், இடம் வலம், பி, ஏ, ஸ்டார்ட், முப்பது உயிர் கிடைக்கும், ரெண்டு பேர் எண்டால் ஸ்டார்ட்டுக்கு முதல் செலக்ட். அந்தக் கோட் முதல் வந்தது கிரேடியஸ் எண்ட கேமில 1986இல, அதைப் ஃபமிகொமுக்கு மாத்தின கசுஹிசா ஹஷிமோட்டோவுக்குத் தன்ர கேமையே விளையாடிச் சரிபாக்கேலாமப் போச்சாம், அவ்வளவு கஷ்டம், அதால தனக்கெண்டு ஒரு கள்ள வழி வச்சவர், எடுக்க மறந்திட்டார். மனுசன் 2020இல செத்துப்போனார். மூண்டாம் ஸ்டேஜில நீர்வீழ்ச்சி வரும், அதில சின்னவனோட ஏறேக்க மெல்லமா ஏறு, ஒராள் கெதியா மேல போனால் திரை மேல நகர்ந்து கீழ நிக்கிறவர் செத்துப்போவார். நான் அதிலதான் கனக்க உயிர் விட்டனான், நீ திரும்பியே பாக்கிறேல்லை.

மாரியோவைப் பற்றி நான் சொல்லித் தரத் தேவையில்லை, 1985இல நின்டெண்டோவில மியாமோட்டோ ஆக்கள் செய்தது, முழுக் கேமும் 40 கிலோபைட்தான், நீ அனுப்புற ஒரு போட்டோவை விடச் சின்னன். இடம் மிச்சம் பிடிக்க மேகத்தையும் பத்தையையும் ஒரே படமா வச்சு நிறத்தை மட்டும் மாத்தியிருக்கிறாங்கள், சின்னவனுக்குக் காட்டு. எங்களுக்கு ஒரு லீற்றர் பெற்றோலுக்குள்ள 32 ஸ்டேஜும் முடிக்கேலாது, அதால 1-2இல, முதலாம் உலகத்து ரெண்டாம் ஸ்டேஜில, கூரைக்கு மேலால ஓடி நாலாம் உலகம், 4-2இல ஒளிச்சிருக்கிற கொடியில ஏறி எட்டாம் உலகம், அந்தக் குறுக்கு வழிதான். ஆனா அதில ரெண்டு பேர் எண்டால் மாறி மாறித்தான், ஒராள் சாகுமட்டும் மற்றாள் வாய்பாத்துக்கொண்டு இருக்க வேணும், அதான் நான் மூண்டாவதா வைக்கிறன்.

டக் ஹண்ட் எண்ட தாரா (வாத்து) சுடுற கேமுக்குக் காசை விடாத. அந்தத் துவக்கில இருந்து ஒண்டும் வெளிய வாறேல்லை. விசையை அமத்தினால் திரை ஒருக்காக் கறுத்து, தாரா நிக்கிற இடம் மட்டும் வெள்ளைக் கட்டமா மின்னும், துவக்கு முனையில இருக்கிற கண் அந்த வெளிச்சத்தைத்தான் பாக்குது. பழைய பிக்சர் ரியூப் ரீவிக்குத்தான் அது சரி, உன்ர தட்டை ரீவி கொஞ்சம் பிந்திக் காட்டுமெண்டதால படாது. எங்கட துவக்கைக் கொம்மா நாலாம் நாளே அரிசிப் பானைக்குப் பின்னால ஒளிச்சவ, சோதனைச் சாவடியெல்லாம் கடக்கிற சனம், பிள்ளைக்குத் துவக்கோ எண்டு.

டெட்ரிஸ் கொம்மான்ர கேம், நீ நித்திரையானாப்பிறகு விளையாடுவா, இப்பவும் ஒத்துக்கொள்ள மாட்டா. செல்டா எண்ட கேம் வாங்கிறதெண்டால் கசட்டுக்குள்ள சேவ் பண்ணுறதுக்குக் காசு மாதிரி ஒரு வட்டப் பற்றறி இருக்கும், அது செத்திருக்கோ எண்டு பாத்து வாங்கு.

கசட்டை ஊதாத. ஊதினதால வேலை செய்ததெண்டு நினைச்சது பிழை, திருப்பிச் செருகினதாலதான் பிடிச்சது, வாய் ஈரம் கசட்டின்ர பின்னைத் தின்னும். அழிறப்பரால மெதுவாத் தேச்சு ஸ்பிரிட் நனைச்ச பஞ்சால துடை.

சொல்ல மறந்திட்டன். 2008 கடைசியில இடம்பெயரேக்க நான் கடைச் சாமானைப் பொலித்தீனில சுத்திக் கிடங்கு வெட்டித் தாட்டனான் தெரியும்தானே, முகாமால வந்து கிண்டேக்க ரீவியும் பெட்டியும் உக்கிப்போச்சு, மஞ்சள் கசட் மட்டும் ஒரு பால்மாப் பேணிக்குள்ள கிடந்தது. அதை நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை. உன்ர மெசேஜ் கேட்டாப்பிறகு கழட்டிப் பாத்தனான், உள்ளுக்க கறுத்தப் பொட்டு மாதிரி ஒரு சிப், வேற ஒண்டும் இல்லை, தேச்சு வச்சிருக்கிறன். பக்கத்து வளவு ஆக்கள் ஆடி மாதம் கனடா வருகினம், மிளகாய்த்தூளோட குடுத்துவிடுறன். எங்கட கசட் 60 பின், உன்ர பெட்டி 72 பின், அதால இடையில போடுற அடாப்டர் ஒண்டு வாங்கி வை, 60ஐ 72க்கு மாத்திறது எண்டு வடிவாச் சொல்லிக் கேள், மாறி எடுத்திடாத.

சின்னவன் புட்டுச் சாப்பிடுறானோ எண்டு கொம்மா கேக்கிறா.

அப்பா