அந்த ஓநாய்க்கு ஒளிந்துகொள்ள ஓர் இடம் கொடுங்கள்: விலங்குப் பூங்கா நிர்வாகத்திற்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிர்வாகத்தினருக்கு,

வணக்கம். மலேசியாவின் நெகிரி செம்பிலான் மாநிலத்தில், பகாவ் வட்டாரத்தில் உள்ள ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கத்திலிருந்து எழுதுகிறேன். பள்ளி விடுமுறைக்கு முன்பு எங்கள் பிள்ளைகள் உங்கள் பூங்காவுக்குச் சுற்றுலா வந்ததும், ஓநாய்க் கூண்டருகே நடந்ததும் உங்களுக்குத் தெரியும். அன்றே முகப்பில் சொல்லிவிட்டுத்தான் பேருந்தில் ஏறினோம். பிறகு கடிதமும் கொடுத்தோம். பதிலாக வந்தது ஒரு வண்ண விளம்பரத் தாள். அதனால்தான் இந்த முறை எல்லாரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

உச்சிவெயில் நேரம். மேலே தகரம், கீழே சிமெண்டுத் தரை. தண்ணீர்த் தொட்டிக்கும் பின்சுவருக்கும் நடுவே ஒரு முழ இடைவெளி இருக்கிறதே, அதற்குள் உடம்பைச் செருகிக்கொண்டு ஓநாய் படுத்திருந்தது. வெளியே தெரிந்தது வாலும் ஒரு பின்னங்காலும்தான். "எங்க டீச்சர், எங்க?" என்று பிள்ளைகள் எட்டி எட்டிப் பார்த்தார்கள். உங்கள் ஊழியர் ஒரு பிளாஸ்டிக் குழாயைக் கொண்டுவந்து கம்பியில் தட்டினார். அது அசையவில்லை. குழாயை உள்ளே விட்டுத் தொட்டியையே தட்டினார். எழுந்து வந்தது. வந்து, சுவரோரமாக நடக்க ஆரம்பித்தது. மூலை வரை போகும், தலையை ஒரே பக்கமாக வெட்டித் திருப்பும், வந்த வழியே திரும்பும், மறுபடியும் மூலை. அது நடந்து நடந்து சிமெண்டில் அந்தத் தடம் மட்டும் வழவழவென்று கிடக்கிறது. பிள்ளைகள் கைதட்டினார்கள், சிலர் ஊளையிட்டும் காட்டினார்கள். இரண்டாம் ஆண்டுப் பிள்ளை ஒன்று மட்டும், "அதுக்கு வயித்து வலியா டீச்சர்?" என்று கேட்டது. ஆசிரியைக்குப் பதில் வரவில்லை.

அந்த ஊழியர் மேல் எனக்குக் கோபம் இல்லை. "ஓநாயைக் காணோம்னா காசைத் திருப்பிக் கேக்குறாங்கண்ணே, நான் என்ன செய்ய?" என்றார். அவர் சொன்னதும் நியாயம்தான். அவர் கையில் குழாயைக் கொடுத்தது யார் என்பதுதான் கேள்வி.

எங்கள் வேண்டுகோள் ஒன்றே ஒன்று. அந்த ஓநாய்க்கு ஒளிந்துகொள்ள ஓர் இடம் கொடுங்கள். யாரும் தட்டி எழுப்பாத, பார்வையாளர் கண்ணுக்குப் படாத ஓர் இடம்.

உங்கள் விளம்பரத் தாளையும் மதிப்போடு படித்தேன். அழிந்துவரும் ஓநாய்களைக் காப்பதில் மிருகக்காட்சிசாலைகளுக்குப் பெரும் பங்கு உண்டு என்று அதில் போட்டிருக்கிறீர்கள். உண்மைதான், நான் மறுக்கவே இல்லை. அமெரிக்காவின் சிவப்பு ஓநாய் 1980இல் காட்டில் இல்லை என்றே அறிவிக்கப்பட்ட இனம். அதற்கு முன்பே பிடித்து வந்தவற்றில் கலப்பில்லாத 14 ஓநாய்களை வைத்து, டகோமா நகரத்து மிருகக்காட்சிசாலையில் தொடங்கி இனத்தைப் பெருக்கி, 1987இல் வட கரோலினாவில் மறுபடி காட்டில் விட்டார்கள். மெக்சிகோ ஓநாயின் கதை இன்னும் நெருக்கடியானது. இன்று இருக்கும் அத்தனையும் ஏழே ஏழு ஓநாய்களின் வம்சம். 1998இல் அரிசோனாவில் காட்டுக்குத் திரும்பின. இப்போது, மிருகக்காட்சிசாலையில் பிறந்து இரண்டு வாரம்கூட ஆகாத குட்டிகளை விமானத்தில் கொண்டுபோய், காட்டு ஓநாயின் குகையில் அதன் குட்டிகளோடு சேர்த்து வைத்துவிடுகிறார்கள். தாயும் வேற்றுமை பார்க்காமல் வளர்க்கிறது.

ஆனால் உங்கள் தாளில் ஒரு செய்தி விடுபட்டிருக்கிறது. காட்டுக்குப் போகப்போகிற ஓநாயை அங்கே மனிதர் கண்ணில் படாமல்தான் வளர்க்கிறார்கள். பராமரிப்பவர்கள்கூடத் தேவைக்கு மேல் பக்கத்தில் போவதில்லை. மனிதனைக் கண்டால் அது ஓடி ஒளிய வேண்டும், அந்தப் பயம் போய்விட்டால் காட்டில் பிழைக்காது. எந்த ஓநாய் எந்த வம்சம், எதை எதோடு சேர்ப்பது என்பதற்கெல்லாம் பதிவேடு உண்டு. உங்கள் ஓநாய் எந்த நாட்டு இனம் என்று கேட்டோம். அறிவிப்புப் பலகையில் அது இல்லை, பதிலிலும் இல்லை. பலகையில் பெரிதாக இருப்பது குளிர்பானச் சின்னம். துணையும் இல்லாமல் ஒண்டியாய்க் கிடக்கிற அதை வைத்து எந்த இனத்தைப் பெருக்கப்போகிறீர்கள்? ஒளிவதுதான் ஓநாயின் முதல் பாடம் என்று அங்கே இடம் ஒதுக்குகிறார்கள், இங்கே ஒளிந்தால் குழாய் வருகிறது. இரண்டுக்கும் பெயர் பாதுகாப்பு! நுழைவுச்சீட்டில் பாதுகாப்பு நிதி என்று தலைக்கு ஒரு வெள்ளி (ரிங்கிட்) வேறு.

அந்த ஒரு வெள்ளியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இந்த நாட்டுக் காட்டில் ஓநாய் கிடையாது. செந்நாய் உண்டு, பாதுகாப்பு நிதி என்றால் அதற்கல்லவா போக வேண்டும்? உலகம் முழுக்க அழிவின் விளிம்பில் நிற்கும் இனம் அது, தமான் நெகாரா தேசியப் பூங்காவிலும் பெலும் காட்டிலும் இன்னமும் திரிகிறது. அதன் இரையில் காட்டுப்பன்றியும் ஒன்று. இளஞ்செம்பனை (எண்ணெய்ப்பனை) கன்றுகளைப் பன்றி கிளறிப் போடுகிறது என்று எங்கள் பக்கத்துத் தோட்டங்களில் புலம்பாத நாள் இல்லை. பன்றியைத் தின்கிற பிராணியையோ கண்ணி வைத்துக் கொல்கிறோம், அது இருக்கும் காட்டை வெட்டி இன்னும் செம்பனை நடுகிறோம். காண்டாமிருகத்துக்கு என்ன ஆயிற்று? மிச்சமிருந்தவற்றைப் பிடித்து வைத்தோம், காலம் கடந்து போராடினோம், 2019 நவம்பரில் சபா மாநிலத்தில் ஈமான் என்ற கடைசிக் காண்டாமிருகம் செத்ததோடு மலேசியாவில் அந்தக் கதை முடிந்தது. அதற்கு அறிக்கை விடாத தலைவர் இல்லை. காட்டில் இருக்கும் புலிகள் 150க்கும் கீழே என்கிறார்கள். அதற்கும் அறிக்கை தயாராக இருக்கும். நாங்கள் வேலை செய்து குடியிருந்த தோட்டம் துண்டு துண்டாக விற்கப்பட்டபோது எங்களுக்கும் இப்படித்தான் அறிக்கை அறிக்கையாக வந்தது, வீடு மட்டும் வரவில்லை.

சரி, அது வேறு வழக்கு. அதை உங்கள் தலையில் கட்டுவது முறையல்ல.

உங்களிடம் கேட்பது சிறியது. கூண்டின் பின்பாதியை மறைத்து ஒரு தடுப்பு, தோண்டிப் படுக்க மண், உள்ளே புகுந்துகொள்ள ஒரு பொந்து. 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தையும், அதன்கீழ் 2012இல் வந்த மிருகக்காட்சிசாலை விதிமுறைகளையும் உங்களுக்கு நான் எடுத்துச் சொல்லத் தேவையில்லை. உரிமம் வைத்திருப்பவர்கள் நீங்கள். ஓநாய் கண்ணுக்குத் தெரியாத நாளில் காசைத் திருப்பிக் கேட்பவர்களுக்குச் சொல்ல ஒரு பலகை வையுங்கள்: "ஓநாய் ஓய்வில் இருக்கிறது." எங்கள் பிள்ளைகள் புரிந்துகொள்வார்கள். பெரியவர்களுக்குத்தான் கொஞ்ச நாள் பிடிக்கும்.

பணம்தான் தடை என்றால் அதையும் மனம்விட்டுச் சொல்லுங்கள். எங்கள் பெற்றோர்களில் வெல்டிங் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள், லோரி ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். இரண்டு லோரி மண்ணும் ஒரு ஞாயிற்றுக்கிழமை உழைப்பும் எங்கள் பொறுப்பு. எப்போது வரலாம் என்று மட்டும் தெரிவித்தால் போதும். அந்த ஓநாய்க்கு ஒளிந்துகொள்ள ஓர் இடம் கொடுங்கள் என்று மறுபடியும் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். அடுத்த ஆண்டுச் சுற்றுலாவுக்கு எங்கே போவது என்று எங்கள் சங்கம் ஜனவரியில் முடிவெடுக்கும், அதற்குள் உங்கள் பதில் வந்தால் நல்லது. இந்த முறை விளம்பரத் தாள் வேண்டாம்.

நன்றி.

இப்படிக்கு,
பகாவ் வட்டாரத் தோட்டத் தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஒருவர்