யாருக்குப் பயந்து ஓடினார்களோ, அவரே வந்தபோது

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் நானும் அப்பாவும் சுகம். நீயும் மருமகளும் பிள்ளைகளும் சுகமாக இருக்க ஜெபிக்கிறோம்.

போனில் நீ சொன்னதிலிருந்து எனக்கு அதே நினைப்புதான். சபை இரண்டாகப் பிரிந்தபோது உங்களையெல்லாம் அவ்வளவு பேசிவிட்டுப் போனவர், இப்போது குடும்பத்தோடு திரும்பி வந்து கடைசி பெஞ்சில் உட்காருகிறார். கமிட்டியில் பாதிப்பேர், "கொஞ்ச நாள் போகட்டும், மனந்திரும்பியது நிஜமா என்று பார்ப்போம்" என்கிறார்கள். நீயும் அந்தப் பக்கம்தான் சாய்கிறாய் என்று உன் குரலிலேயே தெரிந்தது. நான் என்ன நினைக்கிறேன் என்று கேட்டாய். போனில் கோர்வையாகச் சொல்ல வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

ஐயா, கூட்டத்துக்குப் போகும் முன் வேதத்தில் அப்போஸ்தலர் நடபடிகளை 7-ஆம் அதிகாரத்தின் கடைசியிலிருந்து 15 வரை ஒரே மூச்சில் வாசி. துண்டு துண்டாகப் பிரசங்கத்தில் கேட்டுப் பழகிவிட்டதால் நமக்கு ஒரு விஷயம் கண்ணில் படுவதே இல்லை.

இயேசுவைச் சாட்சி சொன்னதற்காக ஸ்தேவானைக் கல்லெறிந்தவர்கள் தங்கள் வஸ்திரங்களை, பின்னாளில் பவுல் என்னப்பட்ட சவுலின் காலடியில்தான் கழற்றி வைத்தார்கள். அதற்குப் பிறகு சவுல் வீடுவீடாக நுழைந்து, ஆண் பெண் என்று பாராமல் இழுத்துக்கொண்டு போய்க் காவலில் போட்டார். உயிருக்குப் பயந்து ஜனங்கள் சிதறி ஓடினார்கள். அப்படி ஓடினவர்களில் சிலர்தான் அந்தியோகியா வரைக்கும் போனார்கள். ரோமுக்கும் அலெக்சந்திரியாவுக்கும் அடுத்தபடி அந்த ராஜ்யத்திலேயே பெரிய பட்டணம் அது. 2023 பூகம்பத்தில் இடிந்துபோனதாக டிவியில் பார்த்தோமே, துருக்கியில் அந்தாக்கியா, அதே ஊர். சீப்புரு தீவாரும் சிரேனே ஊராரும் அங்கே கிரேக்கரிடமும் சுவிசேஷத்தைச் சொல்ல, ஒரு பெரிய சபை உண்டானது.

அந்தச் சபைக்குத்தான் பர்னபா, தர்சு பட்டணம் வரைக்கும் தேடிப்போய், சவுலை அழைத்துக்கொண்டு வருகிறார். யாரால் வீடு வாசலை விட்டு ஓடினார்களோ, அவரையே போதகராக! ஒரு வருஷம் முழுவதும் அவர் உபதேசிக்க, இவர்கள் உட்கார்ந்து கேட்டார்கள். அந்தக் கூட்டத்தில் புருஷனைக் காவலில் விட்டுவிட்டு வந்த பெண் யாராவது இருந்திருப்பாளா என்று நான் பல தடவை யோசித்திருக்கிறேன். நான் அவள் இடத்தில் இருந்தால் அந்த மனுஷர் வாயிலிருந்து வசனம் கேட்க எனக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும்! அவர்கள் கேட்டார்கள்.

இது ஒரே நாளில் வரவில்லை. விசுவாசிகளைப் பிடிக்கத் தமஸ்குவுக்குப் போன வழியில்தான் ஆண்டவர் சவுலுக்குத் தரிசனமாகி அவரை மாற்றினார். அங்கே முதலில் அவரிடம் போனவர் அனனியா என்ற சீஷர். சவுல் எதற்காக அங்கே வந்தார் என்று அவருக்கு நன்றாகத் தெரியும், ஆண்டவரிடமே அதை எடுத்துச் சொல்கிறார். ஆனாலும் நேர்த்தெருவில் இருந்த அந்த வீட்டுக்குப் போய், கண் தெரியாமல், மூன்று நாளாய்ச் சாப்பிடாமல் கிடந்தவர்மேல் கையை வைத்து, "சகோதரனாகிய சவுலே" என்கிறார். மனந்திரும்பியது நிஜமா என்று ஆறு மாசம் பார்க்கலாம் என்று அவர் சொல்லவில்லை.

அப்புறம் எருசலேம். அங்கே எல்லாரும் பயந்தார்கள், சீஷன் என்று நம்பவே இல்லை. அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். பட்டவர்களுக்குப் பயம் வராதா? உங்கள் கமிட்டிக்காரர்களின் பயமும் பாவம் இல்லை, அதை நீ அவர்களிடம் சொல்லு. ஆனால் எல்லாரும் பயந்த அந்த இடத்தில் பர்னபா ஒருவர் எழுந்து, சவுலின் கையைப் பிடித்து அப்போஸ்தலரிடம் கூட்டிக்கொண்டு போனார். தன் நிலத்தை விற்று, பணத்தை அப்போஸ்தலரின் பாதத்தில் வைத்தவர் அவர். சபையில் அவருக்கு இருந்த நல்ல பேரையெல்லாம் சவுலுக்காகப் பிணை வைத்தார். சவுல் வேவு பார்க்க வந்தவராக இருந்திருந்தால் பர்னபாவின் கதி என்ன? அந்த ஒருவர் இல்லையென்றால் சவுல் பேதுருவோடு 15 நாள் தங்கியிருக்க முடியுமா?

கணக்கு வழக்கு பழையபடி அவர் கைக்குப் போய்விடுமோ என்று கேட்டாயே, அதற்கும் அந்தியோகியாவில் பதில் இருக்கிறது. கிலவுதியு ராயன் காலத்துப் பஞ்சத்தில் யூதேயாவுக்கு அனுப்பிய உதவிப் பணத்தைச் சவுல் கையில்தான் கொடுத்தார்கள். ஆனால் பர்னபாவும் கூடப் போனார். நீங்களும் எந்தப் பணத்தையும் யார் தனிக் கையிலும் விடாதீர்கள். அது எல்லாருக்கும் பொதுவான ஒழுங்கு. அவரைச் சேர்த்துக்கொள்வதற்கும் அதற்கும் முடிச்சுப் போடாதே.

அந்தச் சபையின் போதகர்கள் பேரை 13-ஆம் அதிகாரத்தில் பார். பர்னபா, நீகர் என்னப்பட்ட சிமியோன், சிரேனே ஊரானாகிய லூகி, மனாயீன், சவுல். இந்த மனாயீன் ஏரோதோடு ஒன்றாக வளர்ந்தவர். யோவான்ஸ்நானனின் தலையை வெட்டினானே, அதே ஏரோது. இவர்கள் சேர்ந்து உபவாசித்து ஆராதித்தார்கள்.

அவர்களும் தவறினார்கள், அதை மறைக்கக் கூடாது. அந்தியோகியாவில் யூதரல்லாத புறஜாதியாரோடு சாப்பிட்டுக்கொண்டிருந்த பேதுரு, எருசலேம் சபைத் தலைவர் யாக்கோபிடமிருந்து ஆட்கள் வந்ததும் பயந்து விலகிக்கொண்டார். பர்னபாவும் அந்த இழுப்பில் போனார். பவுல் எல்லாருக்கும் முன்பாகப் பேதுருவைக் கண்டித்தார். நம் ஊர்ச் சபைகளிலும் பந்தியும் கல்லறையும் சாதி பார்த்துப் பிரிந்திருந்ததை ஆச்சி சொல்லி நீ கேட்டிருக்கிறாய். நானும் அதை நினைத்து வெட்கப்படுகிறேன். அப்புறம் பவுலே மாற்கு விஷயத்தில் இளகவில்லை. ஊழியப் பயணத்தில் பம்பிலியாவிலேயே பாதியில் விட்டுப்போன பையனை மறுபடி சேர்க்க மாட்டேன் என்று பர்னபாவோடு சண்டை போட்டுப் பிரிந்தார். தனக்காக ஒருவர் பிணை நின்றதை அந்த நேரம் மறந்தாரோ என்னவோ! பர்னபாதான் மாற்குவைக் கூட்டிக்கொண்டு சீப்புருவுக்குக் கப்பல் ஏறினார். எருசலேமில் தன் வீட்டைச் சபைக்குத் திறந்துவிட்டிருந்த மாற்குவின் அம்மா மரியாளை அந்த இடத்தில் நினைக்காமல் இருக்க என்னால் முடியாது. கடைசிக் காலத்தில் காவலில் இருந்து எழுதும்போது, மாற்குவைக் கூட்டிக்கொண்டு வா, ஊழியத்துக்குப் பிரயோஜனமானவன் என்று பவுலே தீமோத்தேயுவுக்கு எழுதுகிறார்.

அதனால் கூட்டத்தில் தீர்மானம் வரட்டும் என்று காத்திருக்காதே, ஐயா. இந்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் நீயே கடைசி பெஞ்சுக்குப் போய், குடும்பத்தோடு உங்கள் வீட்டுக்குச் சாப்பிட வரச் சொல்லு. மருமகளுக்குச் சிரமம்தான், அவளிடம் நான் பேசுகிறேன். பழசை நீயாக எடுக்காதே. அவராகப் பேச வந்தால் குறுக்கே பேசாமல் கேள். கூட்டத்தில் என்ன முடிவானது என்று அன்றைக்கே சொல்லு, எத்தனை மணியானாலும் போனை எடுப்பேன்.

இப்படிக்கு,
உன் அம்மா