ஐந்து டாலர் பற்றி மகளுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள கயல்,

உங்கள் நிறுவனத்தின் இணைய ஆட்டத்துக்குச் சந்தா கூட்டுவது பற்றி நீ அனுப்பிய அறிவிப்பின் வரைவைப் படித்தேன். எட்டுப் பத்தி எழுதியிருக்கிறாய். மாதச் சந்தா எவ்வளவு கூடுகிறது என்பது ஐந்தாவது பத்தியின் நடுவில்தான் வருகிறது. அதற்கு முன்னால் உங்கள் பேராதரவு, நமது பயணம், வரவிருக்கும் புதுமைகள். இவ்வளவு பூச்சூட்டினாலே அடுத்தது பணம் கேட்கப்போகிறார்கள் என்று யாருக்கும் தெரிந்துவிடும். விலையை முதல் வரியில் வை. மற்றதை அப்புறம் பேசலாம்.

உன் அலுவலகத்தில் எல்லோரும் "ஒரு காபி விலை, அதற்குப் போய் இப்படிக் கத்துகிறார்களே" என்கிறார்கள் என்றாய். ஆட்டக்காரர்களோ உங்களைக் கொள்ளைக்காரர்கள் என்கிறார்கள். யார் பக்கம் நியாயம் என்று கேட்டாய். கணக்கு மட்டும் பார்த்தால் உங்கள் பக்கம்தான். வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் என்ற இணைய ஆட்டம் 2004 நவம்பரில் வந்தபோது அமெரிக்காவில் மாதம் 14.99 டாலர். அந்த 15 டாலரே இந்தத் தொழிலுக்கு எழுதாத சட்டம்போல ஆகிவிட்டது. 2004-இன் 15 டாலருக்கு 2022-இல் 23 டாலருக்கு மேல் மதிப்பு. வாடகை ஏறியது, சம்பளம் ஏறியது, அந்த 15 மட்டும் அசையவில்லை. அசையாத விலையை ஜனங்கள் விலையாகப் பார்ப்பதில்லை, வாக்குறுதியாகப் பார்க்கிறார்கள். உன் சகாக்களுக்கு இது புரியவில்லை.

ஈவ் ஆன்லைன் என்ற விண்வெளி ஆட்டத்தின் கதையை உன்னைவிட யார் அறிவார்கள்? கல்லூரி நாட்களில் தினமும் மாலை நாலரைக்கு அந்த சர்வர் பராமரிப்புக்காக நிற்கும். அந்தச் சில நிமிடங்களில்தான் நீ சாப்பிட வருவாய். தட்டில் கை வைத்தபடியே நீ சொன்னதெல்லாம் எனக்கு நினைவிருக்கிறது. தூங்கும்போதும் உன் விமானியின் தேர்ச்சி ஏறிக்கொண்டே இருக்கும், சந்தா நின்றால் அதுவும் நின்றுவிடும் என்பாய். அதனால் பரீட்சை மாதத்திலும் அப்பாவின் கார்டில் 15 டாலர் போய்க்கொண்டிருந்தது. ஆடாத மாதத்துக்கும் பணம் வாங்கும் வித்தையைக் கண்டுபிடித்தவர் நல்ல வியாபாரிதான் என்று அப்போதே நினைத்தேன்.

இந்த வியாபாரத்தின் பழைய முறை மணிக்கணக்கு. 1991-இல் ஏஓஎல் என்ற அமெரிக்க இணையச் சேவையில் ஓடிய நெவர்விண்டர் நைட்ஸ் ஆட்டத்துக்கு மணிக்கு 6 டாலர். அப்படிப் பணம் வாங்கினால் ஆளை எழுந்திருக்க விடாமல் உட்கார வைப்பதுதான் நிறுவனத்துக்கு ஆதாயம். மாதச் சந்தா வந்ததும் அது தலைகீழாகிவிட்டது. பணம் கட்டிவிட்டு எட்டிப் பார்க்காதவரே சிறந்த வாடிக்கையாளர். இரவு பகலாக அங்கேயே கிடப்பவர் செலவு வைப்பவர். ஆனால் அந்தச் செலவு வைப்பவர்கள் இல்லாவிட்டால் மற்றவர்கள் பார்க்க அங்கே என்ன இருக்கிறது?

2014 ஜனவரியில் ஈவில் நடந்த அந்தப் பெரிய போரையே எடுத்துக்கொள். பி-ஆர்5ஆர்பி என்ற விண்மீன் மண்டலத்தை வைத்திருந்த கூட்டணியின் பராமரிப்புக் கட்டணம் கட்டப்படாமல் போய்விட்டது. உரிமை பறிபோகும் நிலை வந்ததும் இரண்டு பக்கமும் படை திரட்டி, ஏறக்குறைய ஒரு நாள் முழுக்கச் சண்டை. 7,500 பேருக்கு மேல் சேர்ந்தார்கள். ஆட்டத்திலேயே மிகப் பெரிய கப்பல்களான டைட்டன்களில் 75 அழிந்தன. நிஜப் பணத்தில் கணக்கிட்டால் சேதம் சுமார் 3,00,000 டாலர் என்று உலகப் பத்திரிகைகளெல்லாம் எழுதின. அந்தப் போர்க்கதையில் ஒரு வரியையும் ஐஸ்லாந்தின் ரெய்க்யவிக்கில் உட்கார்ந்திருந்த, ஈவை உருவாக்கிய சிசிபி நிறுவனத்தார் எழுதவில்லை. பகையை வளர்த்தவர்கள், உளவு பார்த்தவர்கள், அலாரம் வைத்து எழுந்து வந்தவர்கள் எல்லோரும் சந்தா கட்டியவர்கள். நிறுவனம் கோடி கொடுத்தாலும் கிடைக்காத விளம்பரத்தை அவர்கள் சும்மா கொடுத்தார்கள். அதே ஆண்டு ரெய்க்யவிக் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஆட்டக்காரர்களின் பெயர்களைப் பொறித்து ஒரு நினைவுச் சின்னத்தையும் நிறுவனமே நிறுத்தியது. பெயரைப் பொறித்து வைத்துவிட்டுப் பிறகு "நீ வெறும் வாடிக்கையாளன்" என்று சொன்னால் எவனும் ஒப்புக்கொள்ள மாட்டான்.

2022 மே மாதம் ஈவின் மாதச் சந்தா 14.99 டாலரிலிருந்து 19.99 ஆனது. மூன்றில் ஒரு பங்கு உயர்வு. ஆண்டுச் சந்தா 149.99, அதாவது மாதத்துக்கு 12 டாலர் 50 சென்ட். மொத்தமாகக் கட்ட முடிந்தவருக்கு வலி குறைவு, மாதாமாதம் கணக்குப் பார்த்துக் கட்டுபவருக்குத்தான் முழு அடி. இதைக் கவனித்தாயா? உன் வரைவிலும் அதே அமைப்புதான். சுரங்கம் தோண்ட ஒன்று, சரக்கு ஏற்ற ஒன்று, சண்டைக்கு ஒன்று என்று மூன்று கணக்கு வைத்திருப்பவருக்கு இந்த ஐந்து டாலர் பதினைந்து. காபிக் கணக்குப் பேசும் உன் சகாக்களிடம் இதைச் சொல்.

ஈவில் சந்தாவாக மாற்றிக்கொள்ளக்கூடிய டோக்கனான பிளெக்ஸ் விஷயம் இன்னும் சுவாரசியம். ஒருவர் கையிலிருந்து டாலர் கொடுத்து பிளெக்ஸ் வாங்கி, ஆட்டத்துக்குள் விற்கிறார். இன்னொருவர் ஆட்டத்துக்குள் சம்பாதித்த பணத்தில் அதை வாங்கி, 500 பிளெக்ஸுக்கு ஒரு மாதச் சந்தாவை நீட்டித்துக்கொள்கிறார். இரண்டாமவர் "நான் இலவசமாக ஆடுகிறேன்" என்று பெருமைப்படுவார். நீயும் மூன்றாம் ஆண்டில் அப்படித்தான் பெருமைப்பட்டாய். உண்மையில் உன் சந்தாவை முகம் தெரியாத யாரோ டாலரில் கட்டிக்கொண்டிருந்தார், நீ அவருக்காகத் தாது வெட்டிக்கொண்டிருந்தாய். அதனால் சந்தா உயர்ந்தால் பிளெக்ஸ் சந்தையும் ஆடுகிறது, காசே கட்டாதவரும் கூடுதலாக உழைக்க வேண்டியதாகிறது. ஒரு பைசா கொடுக்காதவன் ஏன் கோபப்படுகிறான் என்று உன் மேலாளர் கேட்டாராமே, காரணம் இதுதான்.

நம் லெண்டிங் லைப்ரரியில் சந்தா கூட்டியபோது யார் சண்டைக்கு வந்தார்கள் தெரியுமா? மாதம் ஒரு புத்தகம் எடுப்பவர்கள் பேசாமல் கொடுத்துவிட்டார்கள். தொடர்கதை பைண்டுகளின் முதுகு பிய்ந்தால் வீட்டிலேயே கோந்து காய்ச்சி ஒட்டிக் கொண்டுவருவாரே, வடக்கு வீதித் தலைமையாசிரியர் வீட்டு மாமி, அவர்தான் வாசலில் நின்று கணக்குக் கேட்டார். வாரப் பத்திரிகை என்ன விலை, பைண்டிங் கூலி எவ்வளவு, சைக்கிளில் கட்டுக் கொண்டுவரும் பையனுக்கு என்ன சம்பளம் என்று ஒவ்வொன்றாக. நோட்டைத் திறந்து காட்டினேன். பென்சிலால் கூட்டிப் பார்த்துவிட்டுப் புதுச் சந்தாவைக் கொடுத்தார். கொடுத்த கையோடு, "பழைய இதழ்களை எடைக்குப் போட்ட காசு இதில் இல்லையே" என்றும் கேட்டார். உங்கள் ஆட்டத்திலும் சத்தம் போடுபவர்களில் பாதிப்பேர் அந்த மாமியின் ரகம். விலகிப்போகிறவர்கள் சத்தம் போட மாட்டார்கள்.

கணக்கைக் காட்டுவதில் சிசிபிக்கு ஒரு விசித்திரம் உண்டு. 2007-லேயே ஒரு பொருளாதார வல்லுநரை வேலைக்கு வைத்தார்கள். ஆட்டத்துக்குள் எவ்வளவு தாது வெட்டினார்கள், எவ்வளவு கப்பல் அழிந்தது என்று மாதாமாதம் அறிக்கையும் வருகிறது. பொய்க்காசுக்கு இவ்வளவு துல்லியமான கணக்கு. நிஜக்காசில் ஐந்து டாலர் கூடியபோது மட்டும் உலகெங்கும் விலையேறுகிறது என்ற அளவில்தான் பதில். எந்த நிறுவனமும் தன் பேரேட்டைத் தெருவில் விரித்து வைக்காது, எனக்கும் தெரியும். ஆனாலும் சர்வருக்கு இவ்வளவு, ஆட்களுக்கு இவ்வளவு என்று இரண்டு வரி எழுதினால் என்ன குடி முழுகிவிடும்?

மறைத்தால் என்ன ஆகும் என்பதற்கு 2011 போதும். சந்தா கட்டுபவர்களிடமே ஆட்டத்துக்குள் கடை போட்டு, ஒற்றைக் கண்ணாடி ஒன்றை 60 டாலருக்கு மேல் விற்றார்கள். கண்ணுக்கு மாட்டும் பொம்மைக் கண்ணாடி, கயல்! அதோடு, பேராசை நல்லதா என்று தலைப்பிலேயே கேட்ட அவர்களுடைய உள் இதழும் வெளியே கசிந்தது. ஆட்டக்காரர்கள் ஆட்டத்தின் பெரிய சந்தையான ஜீட்டாவில் திரண்டு, அங்கிருந்த சிலையைச் சுட்டுத் தள்ளினார்கள். சிலைக்கு ஒன்றும் ஆகாது என்று தெரிந்தேதான் சுட்டார்கள். அவர்கள் ஓட்டுப்போட்டுத் தேர்ந்தெடுத்த விண்மீன் மேலாண்மைக் குழுவை நிறுவனம் ஐஸ்லாந்துக்கே அவசரமாக அழைத்துப் பேசியது. அக்டோபரில் தலைமை நிர்வாகி ஹில்மர் வெய்கர் பெட்டுர்சன் மன்னிப்புக் கேட்டுக் கடிதம் எழுதினார். அதே மாதம் ஊழியர்களில் சுமார் ஐந்தில் ஒரு பங்கினரை வேலையிலிருந்து எடுத்தார்கள். இதைப் படித்த அன்று எனக்குக் கண்ணாடி நினைவில் நிற்கவில்லை. வேலை போன அந்தப் பிள்ளைகள்தான் நின்றார்கள். அந்த விலையை வைத்தவர்கள் அவர்களாக இருந்திருக்க மாட்டார்கள்.

ரூன்ஸ்கேப் என்ற இணைய ஆட்டத்தை நடத்தும் ஜாகெக்ஸ் நிறுவனத்தார் இதைவிட நன்றாகவும் செய்திருக்கிறார்கள், மோசமாகவும் செய்திருக்கிறார்கள். 2013 பிப்ரவரியில் பழைய 2007 பதிப்பைத் திரும்பக் கொண்டுவரலாமா என்று வாக்கெடுப்பு வைத்தார்கள். வாக்கு குறைவாக விழுந்தால் சந்தாவுக்கு மேல் தனிக் கட்டணம், 5,00,000 வாக்கு விழுந்தால் கூடுதல் கட்டணமே இல்லை என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். விழுந்தது 4,50,000-க்குச் சற்றுக் குறைவு. எல்லையைத் தொடாவிட்டாலும் கூடுதல் கட்டணத்தை விட்டுக்கொடுத்தார்கள். இடைவிடாமல் கட்டி வந்தவர்களுக்குப் பழைய விலையைப் பல ஆண்டுகள் விட்டுவைத்ததும் அவர்கள்தான். அதே நிறுவனம் 2025 ஜனவரியில் ஒரு கருத்துக் கணிப்பை அனுப்பியது. சந்தாவைப் படிநிலைகளாகப் பிரிக்கலாமா, கீழ்ப்படியில் விளம்பரம் காட்டலாமா என்று கேள்விகள். காசும் கட்டி விளம்பரமும் பார்ப்பதா என்று ஆட்டக்காரர்கள் சந்தாவை ரத்து செய்ய ஆரம்பித்தார்கள். "வெறும் கேள்விதானே கேட்டோம்" என்பது அங்கே எடுபடவில்லை, மன்னிப்புத்தான் கேட்க வேண்டியிருந்தது. உன் குழு அடுத்த வாரம் அனுப்பப்போகும் கணிப்பைத் தயவுசெய்து இன்னொரு முறை பார்.

சந்தாவே வேண்டாம், இலவசமாக விட்டுவிட்டுக் கடையில் சம்பாதிக்கலாம் என்று உங்களில் ஒரு கட்சி இருக்கிறதாமே. ஸ்டார் வார்ஸ்: தி ஓல்ட் ரிபப்ளிக் 2011 டிசம்பரில் சந்தாவோடு வந்து, ஓராண்டு முடிவதற்குள் இலவசமானது. ஆனால் 2013-இல் ஃபைனல் ஃபேன்டஸி 14, நவோகி யோஷிதாவின் தலைமையில் சந்தாவோடுதான் திரும்பி வந்தது. 2010-இல் முதல் முறை வெளியாகிப் படுதோல்வி கண்டபோது, ஓராண்டுக்கு மேல் அதற்குச் சந்தாவே வாங்காமல் இருந்தார்கள். சரக்கு சரியில்லை, அதனால் காசும் வேண்டாம் என்பது எவ்வளவு சுத்தமான பேச்சு! திரும்பி வந்து மறுபடி கேட்டபோது ஜனங்கள் கொடுத்தார்கள். என்னைக் கேட்டால் கடைக் கட்சியைவிடச் சந்தாக் கட்சிதான் கௌரவமானது. சந்தா எல்லோரிடமும் ஒரே தொகை கேட்கிறது. கடை, தன்னைக் கட்டுப்படுத்திக்கொள்ள முடியாதவனைத் தேடிப்பிடித்துக் கேட்கிறது.

இனி உன் வரைவு. முதல் வரியில் பழைய விலை, புது விலை, தேதி. இப்போது கட்டுகிறவர்களுக்கு எந்த மாதம்வரை பழைய விலை என்பது இரண்டாவது. அது இன்னும் முடிவாகவில்லை என்றாய், அப்படியானால் அது முடிவாகும்வரை வெளியிடாதே என்று மேலே சொல். அந்த "வரவிருக்கும் புதுமைகள்" பத்தியை எடுத்துவிடு. இந்த ஆண்டு எதைக் கடையில் விற்க மாட்டீர்கள் என்று ஒரு வரி எழுத அனுமதி வாங்க முடிந்தால், அது எட்டுப் பத்திக்குச் சமம்.

இன்னொன்று, இதில் நான் பிடிவாதக்காரி. கீழே உன் பெயர் வேண்டாம். ஆட்டக்காரர்களோடு பேசுவது உன் வேலை, விலை வைத்தது நீ அல்ல. விலை வைத்தவர் கையெழுத்துப் போடட்டும். 2011 கடிதத்தில் தலைமை நிர்வாகியின் பெயர்தான் இருந்தது என்று உன் மேலாளருக்கு நினைவூட்டு. உன் பெயர் போனால் வசவும் உன் பெயருக்குத்தான் வரும், அதை நீ ராத்திரி இரண்டு மணிக்குப் படித்துக்கொண்டிருப்பாய். அறிவிப்பு வெளியாகும் நாளில் மாலை ஆறு மணிக்குமேல் பதில்கள் வந்து விழும் பெட்டியை யார் பார்ப்பது என்று இப்போதே முறை போட்டு எழுதி வாங்கிக்கொள்.

பருப்புப்பொடியும் நார்த்தங்காயும் பார்சல் கட்டியாகிவிட்டது. மால்மோ விலாசத்தில் வீட்டு எண் மாறிவிட்டதா என்று மட்டும் சொல், அப்பா திங்கட்கிழமை அனுப்பிவிடுவார். திருத்திய வரைவை வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பு. சனிக்கிழமை சித்தி வீட்டுக்குப் போகிறோம், அங்கே போனில் சிக்னல் கிடைக்காது.

அன்புடன்,
அம்மா