மேப் மாற்றிய டீசல் காரா? சொல்லிவிட்டு விற்கட்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

பழைய டீசல் கார் வாங்குவது பற்றி உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். எத்தனை ஓனர், எத்தனை கிலோமீட்டர், இன்சூரன்ஸ் இருக்கிறதா என்று எல்லாம் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். நல்லது. ஆனால் ரீமேப், அதாவது இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியின் ஃபைலை மாற்றுவது பற்றி ஒரு வரிகூட இல்லை. பொள்ளாச்சியில் டீசல் கார் பட்டறை வைத்திருப்பவன் நான். என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வியே அதுதான் என்பதால் இதை எழுதுகிறேன்.

2020 ஏப்ரலில் பிஎஸ்-6 புகை விதி வந்தபோது மாருதி டீசல் கார் விற்பதையே நிறுத்திவிட்டது. சின்ன டீசல் கார் வேண்டும் என்பவர்களில் பலருக்கு இனி செகண்ட் ஹேண்ட்தான் வழி. ஸ்விஃப்ட், டிசையர், ரிட்ஸ், இண்டிகா விஸ்டா, புன்ட்டோ என்று பெயர்தான் வேறு வேறு. உள்ளே இருப்பது ஃபியட்டின் அதே 1,248 சிசி இன்ஜின். மைலேஜ் கொடுக்கும், பார்ட்ஸ் கிடைக்கும், ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் பல லட்சம் கிலோமீட்டர் ஓடும். ஒரே குறை, 2,000 ஆர்பிஎம்முக்கு (இன்ஜின் நிமிடத்துக்குச் சுற்றும் சுற்று) கீழே இழுவை இருக்காது. அந்தக் குறையைப் போக்கத்தான் ரீமேப் கடைக்குப் போகிறார்கள். ஈசியூ என்கிற அந்த இன்ஜின் கணினியில் கம்பெனி போட்ட ஃபைலை எடுத்துவிட்டு, டீசலையும் டர்போ பூஸ்ட்டையும் (இன்ஜினுக்குள் டர்போ தள்ளும் காற்றின் அழுத்தம்) கூட்டிய வேறு ஃபைலை ஏற்றித் தருகிறார்கள். வண்டி பாயத்தான் செய்கிறது. அதில் பொய் இல்லை.

"இன்ஜின் போயிடுமாண்ணே?" என்று கேட்கிறார்கள். அளவோடு செய்த ரீமேப்பால் மட்டும் இன்ஜின் போய் நான் பார்த்ததில்லை. இன்ஜின் பிளாக், கிராங்க் எல்லாம் கெட்டியானவை. பிரச்சினை அதைச் சுற்றி இருப்பவற்றில்தான்.

கடைக்காரர்கள் ஒரு வாதம் வைப்பார்கள். இதே இன்ஜினைக் கம்பெனியே 75 குதிரைத்திறனிலும் விற்றது, 90 குதிரைத்திறனிலும் விற்றது, அப்படியிருக்க 75-ஐ 90 ஆக்கினால் என்ன கெட்டுவிடும் என்பார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் 90 குதிரைத்திறன் இன்ஜினில் இருப்பது விஜிடி டர்போ. உள்ளே இருக்கும் இதழ்கள் திரும்பி, வேகத்துக்குத் தக்கபடி காற்றைக் கொடுக்கும். ஸ்விஃப்ட்டின் 75-இல் இருப்பது சாதாரண டர்போ. சியாஸ், எர்டிகாவில் அந்த விஜிடி டர்போவைப் போட்டும் மாருதி டார்க்கை, அதாவது இழுவிசையை, எவ்வளவு கூட்டியது தெரியுமா? ஸ்விஃப்ட்டில் 190 நியூட்டன் மீட்டர், இதில் 200. அவ்வளவுதான். ரீமேப் செய்த ஒரு ஸ்விஃப்ட்டின் டேஷ்போர்டில் கடைக்காரர் கொடுத்த தாளைப் பார்த்தேன், 240 என்று அச்சடித்திருந்தது. பழைய டர்போ, பழைய கிளட்ச், அதன் மேல் 240.

பாரம் முதலில் விழுவது கிளட்ச் மேல். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொரு வளைவிலும் வேகம் குறைந்து, ஆள் பாரத்தோடு மறுபடி இழுக்க வேண்டும். அப்படி ஏறி இறங்கிய ரீமேப் வண்டியின் கியர்பாக்ஸை இறக்கும்போதே கருகிய வாடை வரும். கிளட்ச்சை மூடியிருக்கும் பெல் ஹவுசிங் முழுக்கக் கறுப்புத் தூள். கிளட்ச் பிளேட் ரிவெட் தலை தெரிகிற அளவுக்குத் தேய்ந்திருக்கும். கிளட்ச் பிளேட் ஒட்டிச் சுற்றும் ஃப்ளைவீலின் முகத்தைத் துடைத்துப் பார்த்தால் சூட்டில் நீலம் பாய்ந்து, மயிரிழை மாதிரி வெடிப்பு ஓடியிருக்கும். வெறும் பிளேட்டை மட்டும் மாற்றி அந்த வண்டியை அனுப்ப முடியாது.

அடுத்தது ஆயிலும் டர்போவும். டீசல் இன்ஜினில் காற்றுக்கு மிஞ்சி டீசல் அடித்தால் புகைக்குப் புகையும் ஆச்சு, சூட்டுக்குச் சூடும் ஆச்சு. கரியில் பாதி சைலன்சர் வழியே போகும், மீதி ஆயிலில் இறங்கும். சின்ன டர்போவின் ஷாஃப்ட் நிமிடத்துக்கு இரண்டு லட்சம் சுற்று வரை சுற்றுவது. ஆயில் படலத்தை நம்பித்தான் சுற்றுகிறது. இந்த இன்ஜினின் டைமிங் செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரும் ஆயில் பிரஷரில்தான் வேலை செய்கிறது. கரி கலந்த ஆயிலில் செயின் தேய்ந்து நீளும். காலையில் ஸ்டார்ட் செய்ததும் 'கரகர' என்று சத்தம் வந்தால் அது தான். கம்பெனி சொல்வது 10,000 கிலோமீட்டருக்கு ஒரு ஆயில் சர்வீஸ். ரீமேப் வண்டிக்கு நான் 7,000-க்கு மேல் போக விடுவதில்லை. அப்படி மாற்றி, வண்டி நின்றதும் சாவியைத் திருப்பாமல் ஒரு நிமிடம் ஐடிலில் விட்டு அணைக்கிறவர்களின் கார்கள் இன்னும் நன்றாக ஓடுகின்றன. அதையும் சொல்ல வேண்டும்.

இன்ஜினுக்குப் போகும் டீசலின் அழுத்தத்தை அளக்கும் ரெயில் பிரஷர் சென்சாரின் வயரில் மாட்டும் சின்ன டப்பா ஒன்று விற்கிறார்கள். அது ஈசியூவுக்குப் பிரஷரைக் குறைத்துக் காட்டி ஏமாற்றும். ஈசியூ அதை நம்பி உண்மையான பிரஷரைக் கூட்டும். அதை யாரும் வாங்க வேண்டாம்.

சரி, தன் வண்டி, தன் காசு, தெரிந்தே செய்கிறார் என்றால் அது அவர் பாடு. என் மனக்குறை அடுத்து வாங்குபவரைப் பற்றியது. வால்பாறையில் வேலை பார்க்கும் ஆசிரியை ஒருவர் பழைய ஸ்விஃப்ட் வாங்கினார். சில மாதத்தில் கிளட்ச் பிடிக்காமல் வழுக்கி ஸ்லிப் ஆனது, மாற்றினோம். வருடம் திரும்புவதற்குள் மறுபடி அதே கதை. அவர் வண்டியை அடித்து ஓட்டுகிறவர் இல்லை. சந்தேகப்பட்டு முந்தைய ஓனருக்குப் போன் போட்டோம். "ஆமாங்க, மேப் பண்ணியிருக்கு. யாரும் கேக்கலையே" என்றார். பழைய ஃபைல் அவரிடம் இல்லை, மாற்றிக் கொடுத்த கடையிலும் இல்லை. மாதச் சம்பளத்தில் இரண்டு கிளட்ச் செலவு அந்த அம்மா தலையில் விழுந்தது.

பட்டறைகளில் உள்ள சாதாரண ஸ்கேனரில் இது தெரியாது. புகைப் பரிசோதனையிலும் பெரும்பாலும் சிக்காது. அங்கே வண்டியை நிறுத்தி வைத்து, பாரம் இல்லாமல் ஆக்சிலேட்டரை மிதித்துத்தானே பார்க்கிறார்கள்? மேட்டில் நாலு பேரோடு ஏறும்போது வரும் புகை அங்கே எப்படி வரும்?

பதிவுச் சான்றிதழில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு சொல்கிறது. அனுமதி இல்லாமல் மாற்றினால், 2019 திருத்தத்துக்குப் பிறகு, ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ உண்டு. ஆனால் சைலன்சரையும் பம்பரையும் பார்ப்பதுபோல ஈசியூவுக்குள் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை.

அதனால் போக்குவரத்துத் துறையிடம் நான் கேட்பது, ஓனர் பெயர் மாற்றும்போது ஈசியூ மாற்றப்பட்டதா இல்லையா என்று விற்பவரிடம் கையெழுத்தோடு எழுதி வாங்குங்கள். ரீமேப் கடைக்காரர்கள் கம்பெனி ஃபைலை ஒரு பென் டிரைவில் போட்டு, என்ன தேதியில் எதை எவ்வளவு கூட்டினோம் என்று பில்லில் எழுதிக் கொடுக்கட்டும். வாங்குகிறவர்கள் அதுவரை ஒன்று செய்யலாம்: நாலு பேரை ஏற்றிக்கொண்டு ஒரு மேட்டில் மூன்றாவது கியரில் 2,000 ஆர்பிஎம்மில் இருந்து முழுசாக மிதித்துப் பாருங்கள். வேகம் ஏறாமல் ஆர்பிஎம் முள் மட்டும் ஏறினாலோ, கண்ணாடியில் பின்னால் கரும்புகை தெரிந்தாலோ, முந்தைய ஓனரின் நம்பரை வாங்கிப் பேசிய பிறகே அட்வான்ஸ் கொடுங்கள்.

இப்படிக்கு,
டீசல் கார் மெக்கானிக் ஒருவர்,
பொள்ளாச்சி.