விடைக்குக் கீழே இரண்டு வரி காரணமும் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு இணைப்பில் வரும் பொது அறிவு வினா-விடைப் பகுதியைப் பற்றி எழுதுகிறேன். ராமநாதபுரம் மாவட்டத்தில் ஒரு கடற்கரை ஊரில் நூலகராக இருக்கிறேன். திங்கட்கிழமை சாயங்காலத்துக்குள் அந்தப் பக்கம் மடிப்பில் கிழிந்துவிடும், அத்தனை கை மாறுகிறது. பள்ளிப் பிள்ளைகள் சத்தம் போட்டு ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்கிறார்கள். குரூப் 4 தேர்வுக்குப் படிப்பவர்கள் நோட்டில் எழுதி வைத்துக்கொள்கிறார்கள். இவ்வளவு பேர் நம்பிப் படிப்பதால்தான் கேட்கிறேன்: கேள்விகளைப் பாதியாகக் குறைத்தாலும் பரவாயில்லை, விடையோடு 'ஏன் அப்படி' என்று இரண்டு வரி சேர்த்துப் போடுங்கள்.

கடல் பசு எந்த வகை உயிரினம் என்று ஒரு முறை கேட்டிருந்தீர்கள். விடை, பாலூட்டி. சரிதான். ஆனால் எங்கள் ஊர்ப் பிள்ளைகளின் அப்பாக்கள் வலை போடுகிறவர்கள். கடல் பசுவை 'ஆவுளியா' என்பார்கள். பாலூட்டி என்றால் அதற்குச் செவுள் கிடையாது, நுரையீரல்தான். சில நிமிடத்துக்கு ஒரு தடவை மேலே வந்து மூச்சு விட்டே ஆக வேண்டும். வலையில் மாட்டி மேலே வர முடியாமல் போனால் தண்ணீருக்குள்ளேயே மூச்சு முட்டிச் செத்துவிடும். இதை எழுதியிருந்தால், சிக்கிய ஆவுளியாவை உடனே வலையை அறுத்தாவது ஏன் விட வேண்டும் என்பது பிள்ளைக்குப் புரியும், வீட்டிலும் போய்ச் சொல்லும். பாக் விரிகுடாவில் தஞ்சாவூர், புதுக்கோட்டை கடற்பகுதியில் 448 சதுர கிலோமீட்டரைக் கடல் பசுப் பாதுகாப்பகமாக 2022-இல் தமிழக அரசு அறிவித்தது. அது மேய்கிற கடற்புல் அங்கே இருப்பதுதான் காரணம். 'பாலூட்டி' என்ற ஒற்றைச் சொல்லில் இதெல்லாம் எங்கே தெரிகிறது?

பேய்க்கணவாய்க்கு, அதாவது ஆக்டோபஸுக்கு, மூன்று இதயம் என்று எல்லா வினா-விடைப் புத்தகத்திலும் இருக்கிறது. இரண்டு இதயங்கள் செவுள்களுக்கு ரத்தத்தைத் தள்ளுகின்றன, ஒன்று உடம்புக்கு. நீந்தும்போது அந்த மூன்றாவது நின்றுவிடுவதால் சீக்கிரம் களைத்துப்போகிறது. அதனால் நீந்துவதைவிடத் தவழ்வதே அதற்குச் சௌகரியம். ஒரு பையனிடம் இதைச் சொன்னபோது, பாறை இடுக்கில் அது ஊர்ந்து போவதைப் பார்த்திருப்பதாக உடனே சொன்னான். மூன்று என்ற எண்ணை மட்டும் படித்திருந்தால் அவனுக்கு அந்த நினைப்பே வந்திருக்காது.

விடையே மாறிப்போகும் கேள்விகளும் உண்டு. இந்தியக் கடற்கரையின் நீளம் 7,516.6 கிலோமீட்டர் என்றுதான் நாமெல்லாம் படித்தோம். மத்திய உள்துறை அமைச்சகத்தின் 2023-24 ஆண்டறிக்கை 11,098.81 என்கிறது. நிலம் வளர்ந்துவிடவில்லை. பழைய அளவு 1970-களில் பெரிய பரப்பைச் சுருக்கிக் காட்டும் வரைபடத்தில் எடுத்தது; இப்போது நுணுக்கமான வரைபடத்தில் ஒவ்வொரு வளைவும் கழிமுகமும் கணக்கில் வந்துவிட்டது. தமிழ்நாட்டின் கடற்கரை மத்திய அரசின் பழைய பட்டியலில் 906.9, நம் பள்ளிப் பாடநூல்களில் 1,076, புதுக் கணக்கில் 1,068.69. குஜராத்துக்கு அடுத்த நீளமான கடற்கரை ஆந்திராவுக்கு என்பதும் மாறி, இப்போது நமக்கு வந்திருக்கிறது. தேர்வு எழுதப்போகிறவர் எதை எழுதுவார்? எந்த ஆண்டுக் கணக்கு, யார் அளந்தது என்பதையும் சேர்த்துப் போட்டால்தான் அவருக்கு உதவியாக இருக்கும்.

புராணக் கேள்விகளில் எந்த நூல் என்று சொல்லாமல் கேட்பது நியாயமில்லை. ராவணன் சீதையை எப்படித் தூக்கிச் சென்றான்? வால்மீகியில் கையால் பிடித்துத் தூக்குகிறான். கம்பனில் அவளைத் தொடாமல் பர்ணசாலை இருந்த நிலத்தோடு பெயர்த்து எடுக்கிறான். கம்பனைப் படித்த பிள்ளை சரியாகச் சொல்லியும் மதிப்பெண் இழக்கலாமா?

எனக்கு மிகவும் வருத்தம் தந்தது தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் நிழல் தரையில் விழாது என்ற துணுக்கு. விழும். சாயங்காலம் போய் நின்றால் பிராகாரத்தில் நீளமாகக் கிடப்பதை யாரும் பார்க்கலாம். உச்சி வெயிலில், அகன்ற அடிப்பகுதியின் மேலேயே மேற்பகுதியின் நிழல் விழுவதால் இப்படி ஒரு பேச்சு கிளம்பியிருக்க வேண்டும். அந்தக் கோயிலில் உண்மையான அதிசயங்களுக்கா பஞ்சம்? கோயில் கட்டி முடிந்த ஆண்டு 1010 என்பது எப்படித் தெரியும் என்று எழுதுங்கள். ராஜராஜன் பட்டம் ஏறியது 985. தன் 25-ஆம் ஆட்சியாண்டில், 275-ஆம் நாள், விமானத்துக்குக் கலசம் கொடுத்ததாகக் கல்வெட்டே சொல்கிறது. கோயில் பணிக்கு வந்த 400 தளிச்சேரிப் பெண்டுகளின், அதாவது கோயிலை ஒட்டிய தெருக்களில் குடியமர்த்தப்பட்ட பெண்களின், பெயர், எந்த ஊரிலிருந்து வந்தவர், எந்த வீடு என்பதெல்லாம் அதே கோயிலின் சுவரில் வெட்டப்பட்டிருக்கிறது. ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய பெண்களின் பெயர்ப் பட்டியல்! நிழலைவிட இது எவ்வளவு பெரிய விஷயம்.

அப்புறம், தொலைக்காட்சி. இந்தியாவில் 1959 செப்டம்பர் 15 என்று விடை போடுகிறீர்கள். அது டெல்லியில் மட்டும், அதுவும் சோதனை ஒளிபரப்பு. சென்னைக்கு வந்தது 1975-இல். 1982-இல் இலங்கையில் ரூபவாஹினி தொடங்கியபின், தென்கடற்கரை ஊர்களில் உயரமாக ஆன்டெனா கட்டி அதைப் பார்த்தவர்கள் ஏராளம். பெரியவர்களிடம் பிள்ளைகள் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய சங்கதி இது.

பக்கத்தில் இடம் குறைவு என்பது தெரியும். 20 கேள்விக்குப் பதில் 10 போதும். விடைகளைத் தலைகீழாகப் பொடி எழுத்தில் போடாமல், அடுத்த வாரம் காரணத்தோடு நேராகப் போட்டால் பிள்ளைகள் ஒரு வாரம் தேடிப் பார்க்கவும் வசதியாக இருக்கும். அதற்கு வேண்டிய புத்தகங்களை நான் எடுத்து வைக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு நூலகர்,
ராமநாதபுரம் மாவட்டம்