உயிர்க்கரி: சோதித்த பின் பரிந்துரைப்போம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பயிர்க் கழிவுகளைக் கரியாக்கி நிலத்தில் இடும் உயிர்க்கரி முறையைப் பற்றி அண்மைக்காலமாகச் செய்திகள் அடிக்கடி வெளிவருகின்றன. காற்றிலுள்ள கரியமில வாயு குறையும், மண்ணும் வளம் பெறும் என இரு பயன்களையும் அவை ஒரே மூச்சில் சொல்லிவிடுகின்றன. முதல் பயனுக்கான சான்று வலுவானது. இரண்டாவது பயனோ நிலத்துக்கு நிலம் மாறக்கூடியது. ஆகவே இரண்டையும் தனித்தனியே சோதித்த பிறகே உழவர்களுக்கு இதைப் பரிந்துரைக்க வேண்டும்.

ஒளிச்சேர்க்கையின்போது செடி காற்றிலிருந்து எடுத்துக்கொண்ட கார்பனில் பெரும்பகுதி, அறுவடைக் கழிவு மட்கினாலும் சரி, கொளுத்தப்பட்டாலும் சரி, சில ஆண்டுகளுக்குள் காற்றுக்கே திரும்பிவிடுகிறது. அதே கழிவைக் காற்று புகாத, அல்லது மிகக் குறைவாகப் புகும் கலனில் ஏறத்தாழ 350 முதல் 700 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கினால், அதிலிருந்த கார்பனில் பாதியளவு, நுண்ணுயிர்கள் எளிதில் சிதைக்க முடியாத கரியாக எஞ்சுகிறது. கரியில் தங்கும் ஒவ்வொரு டன் கார்பனும் 3.67 டன் கரியமில வாயுவுக்குச் சமம். காலநிலை மாற்றத்தை மதிப்பிடும் ஐ.நா.வின் ஐ.பி.சி.சி. குழு 2022-இல் வெளியிட்ட அறிக்கை, உயிர்க்கரியால் உலக அளவில் ஆண்டுக்கு 260 கோடி டன் கரியமில வாயுவுக்கு ஈடான பயன் கிட்டக்கூடும் என்று மதிப்பிடுகிறது. ஆனால் அம்மதிப்பீட்டின் வீச்சு 20 கோடியிலிருந்து 660 கோடி டன் வரை விரிகிறது என்பதைச் சொல்லாமல் நடு எண்ணை மட்டும் எடுத்தாள்வது முறையாகாது.

மண்வளத்துக்குச் சான்றாக அமேசான் படுகையின் கருமண்ணைக் காட்டுவது வழக்கமாகிவிட்டது. அங்குள்ள பழங்குடி மக்களின் வாழிடங்களில் உருவான அம்மண், பல நூற்றாண்டுகள் கடந்தும் கரியைத் தக்கவைத்திருப்பது உண்மையே. ஆயினும் அதில் கரி மட்டும் இல்லை. மீன் முள், எலும்பு, சாம்பல், குப்பை எனப் பலவும் சேர்ந்திருக்கின்றன. மணிச்சத்தும் சுண்ணாம்புச்சத்தும் பெருமளவு அவற்றிலிருந்தே வந்தன. வெறும் கரியை வாங்கி இறைத்துவிட்டு அதே விளைவை எதிர்பார்ப்பது பொருந்தாது.

பல கள ஆய்வுகளைத் தொகுத்து 2017-இல் வெளியான ஒரு பகுப்பாய்வு, வெப்பமண்டல நிலங்களில் உயிர்க்கரியால் விளைச்சல் சராசரியாக 25 விழுக்காடு உயர்ந்ததையும், மிதவெப்ப நிலங்களில் அத்தகைய உயர்வு தென்படாததையும் காட்டியது. காரணம் விளங்கக்கூடியதுதான். கரியோடு வரும் சாம்பல், சுண்ணாம்பைப் போலவே மண்ணின் அமிலத்தன்மையைத் தணிக்கிறது. சத்துக் குறைந்த அமில மண்ணுக்கு அது பெரும் உதவி. ஏற்கெனவே காரத்தன்மை மிகுந்த நிலத்தில் அதே சாம்பல், துத்தநாகமும் இரும்பும் பயிருக்குக் கிட்டாமல் தடுக்கக்கூடும். நீரைப் பிடித்துவைக்கும் பயனும் மணற்பாங்கான மண்ணில் தெரியும் அளவுக்குக் களிமண்ணில் தெரிவதில்லை. புதிய கரியைப் பதப்படுத்தாமல் அப்படியே இட்டால், மண்ணிலுள்ள தழைச்சத்தை அது சில காலம் பிடித்துவைத்துக்கொண்டு பயிரை வெளிறச் செய்வதும் உண்டு. தொழு உரத்துடனோ மட்கு உரத்துடனோ கலந்து ஊறவைத்து இடுவதே நன்று.

செய்முறையும் கவனத்துக்குரியது. உயர்ந்த வெப்பத்தில் உருவாகும் கரி நீண்டகாலம் நிலைக்கும். குறைந்த வெப்பத்தில் உருவாகும் கரியிலோ தழைச்சத்து போன்ற சில சத்துகள் கூடுதலாக எஞ்சும். ஆகவே கார்பனுக்குச் சிறந்த கரியே பயிருக்கும் சிறந்தது என்று கொள்ள இயலாது. புகையை முழுமையாக எரிக்காத குழி அடுப்புகளில் மீத்தேன் வெளியேறினால், கணக்கில் வரவு வைத்த நன்மையில் ஒரு பகுதி அங்கேயே கழிந்துவிடும். சாயம் பூசிய மரமும் பிளாஸ்டிக் கலந்த குப்பையும் மூலப்பொருளாகச் சேர்ந்தால் நச்சுகளும் நிலத்துக்குள் போகும். மண்ணில் கலந்த கரியைத் திரும்பப் பிரித்தெடுக்க முடியாது என்பதால், இத்தகைய பிழை நிலத்தின் உரிமையாளருடைய தலையிலேயே என்றென்றைக்கும் விடியும்.

இங்கேதான் எனக்குப் பெரிய ஐயம் எழுகிறது. குறைத்த கரியமில வாயுவுக்கு ஈடாக வழங்கப்படும் சான்றுகளை விற்கும் கார்பன் கிரெடிட் சந்தையில் கிடைக்கும் தொகை பெரும்பாலும் கரியைத் தயாரிப்பவருக்கோ இடைநிலை நிறுவனத்துக்கோ செல்ல, விளைச்சல் குறைந்தால் ஏற்படும் இழப்பை உழவர் மட்டும் சுமப்பது நியாயமா? கிரெடிட் யாருக்கு உரியது, நிலத்தில் இட்ட கரிக்கு உழவருக்கு என்ன பங்கு என்பவை ஒப்பந்தத்தில் எழுத்தில் இருக்க வேண்டும்.

எனவே, விற்பனைக்கு வரும் ஒவ்வொரு மூட்டையிலும் மூலப்பொருள், தயாரிப்பு வெப்பநிலை, கார அமில நிலை, சாம்பல் அளவு, ஹைட்ரஜன்–கார்பன் விகிதம் ஆகியவற்றை அச்சிடுவதைக் கட்டாயமாக்கலாம். கரி எவ்வளவு காலம் நிலைக்கும் என்பதைக் காட்டும் அந்த விகிதம், அணு எண்ணிக்கை அடிப்படையில், பன்னாட்டுத் தர வரையறைகளின்படி 0.7-க்கு மேல் போகக்கூடாது. வாங்குபவர் தம் நிலத்தின் மண் பரிசோதனை முடிவை அதனோடு ஒப்பிட்டு, வயலின் ஒரு மூலையில் மட்டும் இட்டு, பக்கத்துப் பாத்தியை இடாமல் விட்டு, ஒரு பருவ விளைச்சலைக் கண்ட பிறகு மேலும் வாங்குவதா என முடிவு செய்யட்டும். அதற்கு முன்பே முழு வயலுக்கும் பரிந்துரைக்கும் முகவர்களைத் தங்கள் இதழ் கேள்வி கேட்க வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்